பாரிஸ் முதல் கான்ஸ்டாண்டிநோபிள் வரை

1870ஆம் ஆண்டளவில் பாரிஸ் மாநகரத்து வணிகர் ஒருவர், துருக்கியப் பேரரசின் தலைநகராகிய கான்ஸ்டாண்டிநோபிளுக்குப் புகைவண்டி வழியே சென்று சேர விரும்பினார் என்று வைத்துக்கொள்வோம். இரு தலைநகர்களுக்கும் இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர். பெட்டி படுக்கைகளைக் கட்டுவது அவருக்கு எளிய வேலை. கட்டிய பெட்டியை எந்த ஊரில் இறக்கி எந்த வண்டியில் ஏற்றுவது, எந்த நகரத்து மணிக்கணக்கை நம்புவது, எந்த நாணயத்தை எங்கே மாற்றுவது, எந்த எல்லையில் எவரிடம் பெட்டியைத் திறந்து காட்டுவது என்பனவே கடினமான வேலை. புறப்படுமுன் பல நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டாலும், இருப்புப்பாதை பால்கன் மலைநாட்டில் அறுந்து நின்றமையால், இறுதியில் கப்பலையோ குதிரை வண்டியையோ நாடாமல் அவரால் ஊர் போய்ச் சேர இயலாது.

இருபது ஆண்டுகள் கழித்து, 1890இல், அதே வணிகர் ஒரே சீட்டை வாங்கிக்கொண்டு, ஒரே படுக்கைப்பெட்டியில் ஏறி, மூன்று இரவுகள் உறங்கி எழுந்து கான்ஸ்டாண்டிநோபிளில் இறங்கலாம் என்ற நிலை உண்டாகிவிட்டது. இந்த மாற்றத்தில் பொறியாளர்களுக்கும் கூலியாட்களுக்கும் உரிய பங்கினைப் பலரும் எழுதியிருக்கின்றனர். ஆனால் தண்டவாளம் இருந்துவிட்டால் மட்டும் வண்டி எல்லை தாண்டிவிடாது. ஒன்றையொன்று நம்பாத அரசுகளும் நிறுவனங்களும் ஒரே தாளில் கையொப்பமிட வேண்டும். கிழக்கு விரைவு வண்டி என்று உலகம் அறிந்த ‘ஓரியன்ட் எக்ஸ்பிரஸ்’ அவ்வாறு பிறந்தது. அந்தக் கையொப்பங்கள் செல்லாமற்போன போதெல்லாம் அது நின்றது.

பயணத்தைத் திட்டமிடுவோர்க்கு முதல் துணையாக வந்தது அச்சிட்ட கால அட்டவணை. இங்கிலாந்தில் நிலப்படங்களைச் செதுக்கி அச்சிடும் தொழிலைச் செய்துவந்த ஜார்ஜ் பிராட்ஷா, 1839இல் புகைவண்டி நேரங்களைத் தொகுத்து ஒரு சிறு நூலாக வெளியிட்டார். 1847இல் ஐரோப்பிய நிலப்பகுதிக்கென்று தனி வழிகாட்டியும் அவர் பெயரில் வந்தது. 1873 மார்ச்சு மாதத்தில் தாமஸ் குக் நிறுவனம் தன் ஐரோப்பிய அட்டவணையை வெளியிடத் தொடங்கியது. இந்நூல்களைப் படிப்பது ஒரு தனிக்கலை. ஒரு பக்கத்தில் ஓர் ஊருக்கு வண்டி சேரும் நேரம் இருக்கும். அங்கிருந்து அடுத்த வண்டி புறப்படும் நேரம் வேறொரு பக்கத்தில் இருக்கும். இடையே உடுக்குறியிட்ட சிறு குறிப்பு ஒன்று, அந்த வண்டி ஞாயிற்றுக்கிழமைகளில் ஓடாது என்று சொல்லும். அக்குறிப்பைக் காணத் தவறியவர், முன்பின் அறியாத நிலையத்தில் ஓர் இரவைக் கழிக்க வேண்டியதுதான்.

அட்டவணையில் அச்சிட்டிருந்த நேரம் எந்த ஊர் நேரம் என்பது அதனினும் பெரிய சிக்கல். இன்று உலகம் முழுவதும் மணி வலயங்களாகப் பகுக்கப்பட்டிருப்பதை மக்கள் இயற்கை போலவே எண்ணுகின்றனர். அன்றோ ஒவ்வொரு நகரமும் தன் தலைக்குமேல் கதிரவன் வரும் வேளையையே நண்பகல் என்று கொண்டது. பாரிஸ் மணிக்கும் கார்ல்ஸ்ரூ மணிக்கும் ஏறத்தாழ 24 நிமிட வேறுபாடு. பாடன் நாட்டு இருப்புப்பாதை கார்ல்ஸ்ரூ மணியைக் கொண்டு ஓடியது. அதை அடுத்த வூர்ட்டம்பர்க்கில் ஸ்டுட்கார்ட் மணி. அது மேலும் 3 நிமிடம் முன்னால் நின்றது. பவேரியாவில் மியூனிக் மணி. மேலும் 9 அல்லது 10 நிமிடம். ஆஸ்திரிய வண்டிகள் பிராக் நகர மணியையும் ஹங்கேரி வண்டிகள் புடாபெஸ்ட் மணியையும் பின்பற்றின. கான்ஸ்டன்ஸ் ஏரியின் கரைகளைச் சுற்றி வந்தவர், அந்த ஓர் ஏரிக்கு ஐந்து மணிக்கணக்குகள் இருக்கக் கண்டார். சுவிட்சர்லாந்தின் பெர்ன் மணியையும் சேர்த்துத்தான் இந்த ஐந்து.

பிரெஞ்சுக்காரர் இக்குழப்பத்தோடு தம் பங்காக வேடிக்கை ஒன்றையும் சேர்த்திருந்தனர். நிலையத்தின் வெளிச்சுவரில் இருக்கும் கடிகாரம் சரியான மணியைக் காட்டும். உள்ளே நடைமேடையில் இருக்கும் கடிகாரம் வேண்டுமென்றே 5 நிமிடம் பின்தங்கியிருக்கும். வண்டிகள் உள்மணியைக் கொண்டே புறப்பட்டன. மூச்சிரைக்க ஓடிவரும் பயணிக்குக் காட்டிய கருணை என்று இதனைச் சொல்லலாம். நாளடைவில் பயணிகள் அந்த ஐந்து நிமிடத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்டு மேலும் தாமதமாக வரப் பழகியிருப்பர் என்று கருதினால் தவறாகாது. இவ்வழக்கம் 1911இல்தான் ஒழிந்தது.

துருக்கிய மண்ணில் கணக்கே வேறு. அங்கே கதிரவன் மறையும் வேளையே 12 மணி; மறுநாள் மாலைவரை நேரம் அதிலிருந்து எண்ணப்பட்டது. பகலின் நீளம் மாறிக்கொண்டே இருப்பதால் கடிகாரங்களை அடிக்கடி திருத்திக்கொண்டேயிருக்க வேண்டும். கதிரவன் உதிப்பதிலிருந்து நாழிகை எண்ணிய தமிழர்க்கு இம்முறை வியப்பூட்டாது. அட்டவணை தயாரித்தவர்க்கோ அது தீராத தலைவலியாயிற்று. போதாததற்கு நாட்காட்டியும் மாறியது. ருமேனியாவும் செர்பியாவும் பல்கேரியாவும் பழைய ஜூலியன் நாட்காட்டியையே பின்பற்றியமையால், பாரிஸில் அக்டோபர் 6 என்று வழங்கிய நாள் புக்காரெஸ்டில் செப்டம்பர் 24 ஆகும். அக்டோபரில் புறப்பட்டவர் செப்டம்பருக்குள் நுழைந்தார்.

இந்த நேரக் குழப்பத்தைத் தீர்க்க அரசுகள் முன்வருமுன்னரே இருப்புப்பாதை அலுவலர்கள் முயன்றனர். 1872இல் கொலோன் நகரில் பல நாட்டு நிருவாகங்களின் பேராளர்கள் கூடி, எல்லையில் ஒரு வண்டி சேரும் நேரத்தையும் அடுத்த வண்டி புறப்படும் நேரத்தையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தனர். அவ்வகை மாநாடுகள் பின்னர் வழக்கமாயின. 1882இல் பெர்ன் நகரில் மற்றொரு மாநாடு கூடிற்று. தண்டவாளங்களின் இடைவெளி, பெட்டிகளின் அளவு, இணைப்புக் கொக்கிகள் ஆகியவற்றில் ஒருமைப்பாடு காண்பது அதன் நோக்கம். 1886இல் அது உடன்பாடாக முடிந்தது. நல்வாய்ப்பாக, பாரிஸிலிருந்து கான்ஸ்டாண்டிநோபிள்வரை தண்டவாள இடைவெளி ஒன்றாகவே, 1,435 மில்லிமீட்டராக, அமைந்திருந்தது. உருசியாவும் ஸ்பெயினும் தத்தம் வழியே சென்று அகலப்பாதை போட்டுக்கொண்டன. 1896 முதல் பாரிஸிலிருந்து உருசியத் தலைநகருக்குச் சென்ற வடக்கு விரைவு வண்டியின் பயணிகள், இதனால் எல்லையில் வண்டி மாறி ஏற வேண்டியதாயிற்று.

இத்தகைய ஐரோப்பாவில்தான் ஜார்ஜ் நாகல்மாக்கர்ஸ் என்ற பெல்ஜிய இளைஞர் தம் திட்டத்தை வகுத்தார். 1845இல் லியேஜ் நகரத்து வங்கிக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். உறவுப்பெண் ஒருத்தியின்மீது கொண்ட காதல் கைகூடாமையால் மனம் மாறட்டும் என்று குடும்பத்தார் அவரை அமெரிக்காவுக்கு அனுப்பினர் என்பர். 1867–68இல் அங்கே சுற்றியபோது, புல்மன் நிறுவனத்தின் படுக்கைப்பெட்டிகளில் மக்கள் நெடுந்தொலைவு உறங்கிக்கொண்டே செல்வதைக் கண்டார். காதலை மறந்தாரோ இல்லையோ, படுக்கைப்பெட்டியை அவர் மறக்கவில்லை.

அமெரிக்காவில் ஆயிரம் மைல் சென்றாலும் அது ஒரே நாடு. ஐரோப்பாவில் அதே தொலைவுக்குள் ஐந்தாறு அரசுகள் குறுக்கிட்டன. நாகல்மாக்கர்ஸின் கூர்மை இதனை உணர்ந்துகொண்டதில்தான் இருக்கிறது. இருப்புப்பாதையையோ இயந்திரத்தையோ விலைக்கு வாங்க அவர் முற்படவில்லை. அவர் வகுத்த முறை எளிமையானது: படுக்கைப்பெட்டியும் உணவுப்பெட்டியும் பணியாளரும் அவருடைய நிறுவனத்தைச் சேர்ந்தவை, ஒவ்வொரு நாட்டு நிருவாகமும் தன் எல்லைக்குள் அப்பெட்டிகளைத் தன் இயந்திரத்தால் இழுத்துச் செல்லும். முதல் வகுப்புக் கட்டணம் இருப்புப்பாதைக்குப் போகும். அதற்குமேல் பயணி செலுத்தும் மிகைக்கட்டணம் நிறுவனத்திற்கு வரும். ஆதலால் எந்த நாடும் தன் உரிமையை விட்டுக்கொடுத்ததாக எண்ண வேண்டியதில்லை. இன்னொருவர் செலவில் செய்த பெட்டி தன் பாதையில் ஓடி வருவாயை மட்டும் தருமானால் யார்தாம் மறுப்பர்?

ஆயினும் தொடக்கம் எளிதாக இல்லை. 1870இல் பிரெஞ்சு-ஜெர்மன் போர் மூண்டு அவருடைய முதல் ஏற்பாடுகளைக் குலைத்தது. 1872இல் சிறிய அளவில் நிறுவனம் தொடங்கினார். பணமுடை நெருக்கவே, மறு ஆண்டு வில்லியம் மேன் என்ற அமெரிக்கரோடு கூட்டுச் சேர்ந்தார். பின்னர் அவரிடமிருந்து பங்குகளை மீட்டு, 1876இல் ‘வாகன்-லீ’ என்று பெயர்பெற்ற பன்னாட்டுப் படுக்கைப்பெட்டி நிறுவனத்தை நிலைநிறுத்தினார். பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டின் ஆதரவு அவருக்கு அரண்மனைக் கதவுகளைத் திறந்துவிட்டது. காங்கோ மக்களைச் சொல்லொணாக் கொடுமைக்கு உள்ளாக்கிய அதே லியோபோல்டுதான் இவர். ஐரோப்பிய நாகரிகத்தின் மெருகேறிய தேக்குப் பெட்டிகளுக்குப் பின்னால் எத்தகைய புரவலர்கள் இருந்தனர் என்பதையும் வரலாறு குறித்துக்கொள்ள வேண்டும்.

1882 அக்டோபரில் பாரிஸிலிருந்து வியன்னாவரை சோதனை வண்டி ஒன்று ஓடியது. அது வெற்றிபெறவே ஒப்பந்தப் பேச்சுகள் விரைந்து முடிந்தன. பிரான்சின் கிழக்கு இருப்புப்பாதை, அல்சாஸ்-லொரேன் பகுதியின் ஜெர்மானியப் பேரரசு இருப்புப்பாதை, பாடன், வூர்ட்டம்பர்க், பவேரியா ஆகிய நாடுகளின் நிருவாகங்கள், ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் நிறுவனங்கள், ருமேனியா எனப் பல கரங்கள் 1883ஆம் ஆண்டு உடன்பாட்டில் இணைந்தன. இவற்றுள் முதல் இரண்டும் ஒரே உடன்பாட்டுக்குள் வந்ததே வியப்பிற்குரியது. அல்சாஸும் லொரேனின் ஒரு பகுதியும் 1871இல் பிரான்சிடமிருந்து ஜெர்மனி பறித்துக்கொண்ட மண். பன்னிரண்டு ஆண்டுகளுக்குள், அந்தப் புண் ஆறாமலிருக்கும்போதே, பாரிஸ் வண்டி ஜெர்மானிய இயந்திரத்தை மாட்டிக்கொண்டு கிழக்கே சென்றது. அரசியல் தலைவர்கள் கைகுலுக்கிக்கொள்ள மறுத்த இடத்தில் புகைவண்டி அலுவலர்கள் நேரத்தைப் பொருத்திக்கொண்டிருந்தனர்.

1883 ஜூன் 5ஆம் நாள் வழக்கமான ஓட்டம் தொடங்கியது. ஆயினும் விளம்பரத்தின் அருமை அறிந்த நாகல்மாக்கர்ஸ், அக்டோபர் 4ஆம் நாள் மாலையில்தான் பெருவிழா எடுத்தார். பாரிஸின் கிழக்கு நிலையத்திலிருந்து ஏறத்தாழ நாற்பது பேர் புறப்பட்டனர். அவர்களுள் எட்மோன் அபூ என்ற பிரெஞ்சு எழுத்தாளரும், இலண்டன் ‘டைம்ஸ்’ இதழின் செய்தியாளர் பிளோவிட்சும் இருந்தனர். அபூ இப்பயணத்தைப் பற்றித் தனி நூலே எழுதினார். பிளோவிட்ஸ் கான்ஸ்டாண்டிநோபிள் சேர்ந்ததும் சுல்தான் அப்துல் ஹமீதைக் கண்டு உரையாடினார். ருமேனியாவில் வண்டி நின்றபோது, மலைமேல் புதிதாக எழும்பிய பெலெஷ் அரண்மனையில் மன்னர் கரோல் அவர்களை வரவேற்றார்.

அந்தச் சிறப்புமிக்க முதல் வண்டி கான்ஸ்டாண்டிநோபிளுக்குச் செல்லவேயில்லை என்பதை விருந்துக் குறிப்புகளுக்கிடையே பலரும் மறந்துவிடுகின்றனர். டான்யூப் ஆற்றங்கரையிலுள்ள ஜூர்ஜூவில் பயணிகள் இறங்கினர். படகில் ஆற்றைக் கடந்து, பல்கேரியக் கரையிலுள்ள ரூசே நகரில் வேறொரு சாதாரண வண்டியில் ஏறினர். அது அவர்களைக் கருங்கடல் துறைமுகமாகிய வார்னாவில் விட்டது. அங்கிருந்து ‘எஸ்பெரோ’ என்ற ஆஸ்திரியக் கப்பல் அவர்களைச் சுமந்து சென்றது. அபூவும் பிளோவிட்சும் கண்ட கான்ஸ்டாண்டிநோபிள் கடல்வழியே தோன்றிய நகரம்.

விடுபட்ட பாதையின் கதை தனிக்கதை. 1869இல் துருக்கிய அரசு தன் ஐரோப்பிய மாநிலங்களில் இருப்புப்பாதை போடும் உரிமையைப் பாரன் மாரிஸ் டி ஹிர்ஷ் என்ற வங்கியாளருக்கு வழங்கியது. அவருக்குரிய தொகை கிலோமீட்டர் கணக்கில் வகுக்கப்பட்டிருந்தது. கடினமான மலைப்பகுதிகளை விடுத்து, சமவெளியில் வளைந்து வளைந்து செல்லும் மலிவான பாதை அதனால் கிடைத்தது என்ற குறைகூறல் நெடுங்காலம் நிலவியது. ஒப்பந்தத்தின் ஒரு வரி தவறாக அமைந்தால் அது மண்ணில் எத்தனை வளைவுகளாக விழும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேடவேண்டியதில்லை.

அதற்குள் 1877–78இல் உருசிய-துருக்கியப் போர் வந்தது. பெர்லின் உடன்படிக்கை பால்கன் எல்லைகளை மாற்றி எழுதியது. துருக்கியின் ஒரே நிலமாக இருந்த இடத்தில் இப்போது செர்பியாவும் பல்கேரியாவும் நின்றன. பாதையை முடிக்கும் கடமையும் துண்டு துண்டாகிப் பல தலைகளில் விழுந்தது. ஆஸ்திரியா-ஹங்கேரி, செர்பியா, பல்கேரியா, துருக்கி ஆகிய நால்வரும் வியன்னாவில் கூடி 1883இல் ஓர் உடன்பாட்டுக்கு வந்தனர். செர்பியா தன் பகுதியை விரைந்து போட்டது. 1885இல் ஒரு மாற்று வழி பிறந்தது: பெல்கிரேடு வழியாக நிஷ் நகர்வரை வண்டி, அங்கிருந்து மலைப்பாதையில் குதிரை வண்டியில் குலுங்கிச் சென்று, மறுபுறத்தில் துருக்கிய இருப்புப்பாதையைப் பிடிக்க வேண்டும். அதே ஆண்டு நவம்பரில் செர்பியாவும் பல்கேரியாவும் இந்த மலைவழியிலேயே போரிட்டுக்கொண்டன.

இறுதியாக 1888இல் பாதையின் முனைகள் ஒன்றோடொன்று இணைந்தன. 1889 ஜூன் மாதத்தில் பாரிஸிலிருந்து புறப்பட்ட வண்டி, இடையில் கப்பலும் படகும் இன்றி, நேரே கான்ஸ்டாண்டிநோபிளை அடைந்தது. மூன்று நாள்களுக்குள் பயணம் முடிந்தது. மறு ஆண்டு நவம்பரில் யாஸ்முண்ட் என்ற ஜெர்மானியக் கட்டடக் கலைஞர் வடிவமைத்த சிர்கெஜி நிலையம் திறக்கப்பெற்றது. வண்ணக் கண்ணாடிச் சாளரங்களும் கீழைநாட்டு வளைவுகளும் கொண்ட அந்நிலையத்தில் இறங்கிய ஐரோப்பியர், தாம் எதிர்பார்த்து வந்த கிழக்கினைக் கண்டனர். அதனைக் கட்டியவர் அவர்களுள் ஒருவரே என்பதனால் அது அவர்கள் எதிர்பார்த்தபடியே இருந்தது.

இவ்வண்டியின் பெருமை அதன் வெல்வெட்டுத் திரைகளில் இருந்ததாகக் கதை எழுதுவோர் கூறுவர். உண்மையில் பயணிக்குக் கிடைத்த பேரின்பம் உறக்கமேயாகும். முன்னாளில் எல்லை வந்தவுடன் நள்ளிரவானாலும் மழையானாலும் பயணி இறங்கி, பெட்டிகளைச் சுமந்து, சுங்கக் கூடத்தில் வரிசையில் நிற்க வேண்டும். இப்போது படுக்கைப்பெட்டியின் காப்பாளரிடம் ஆவணங்களை ஒப்படைத்துவிட்டுப் படுத்துக்கொள்ளலாம். நள்ளிரவில் எல்லைக் காவலரோடு பேசியவர் அவர். பயணியை எழுப்பாமல் காத்தவரும் அவர். பல மொழிகள் அறிந்து, பழுப்புச் சீருடையணிந்து, பெட்டியின் ஓரத்து மடக்கு இருக்கையில் இரவெல்லாம் விழித்திருந்த அந்தப் பணியாளர்களின் பெயர்கள் எந்த வரலாற்று நூலிலும் இல்லை. ஆள்பவர் பெயர்களுக்கோ குறைவில்லை.

நேரக் குழப்பமும் மெல்ல மெல்லத் தெளிந்தது. 1884இல் வாஷிங்டன் மாநாடு கிரீனிச் நெட்டாங்கை முதல் நெட்டாங்காக ஏற்றது. 1891இல் ஆஸ்திரிய-ஹங்கேரிய இருப்புப்பாதைகளும், 1893 ஏப்ரல் முதல் நாள் ஜெர்மனி முழுவதும், நடு ஐரோப்பிய நேரத்திற்கு மாறின. பிரான்சு மட்டும் 1911வரை பாரிஸ் மணியை விடவில்லை. விட்டபோதும் சட்டத்தில் கிரீனிச் என்ற ஆங்கிலேயப் பெயரை எழுத மனமின்றி, பாரிஸ் மணியில் 9 நிமிடம் 21 வினாடி குறைத்தது என்று சுற்றிவளைத்து எழுதிக்கொண்டது. துருக்கி 1926இல்தான் ஐரோப்பிய மணியையும் நாட்காட்டியையும் மேற்கொண்டது. அப்போது அதன் தலைநகர் அங்காரா. 1923இலேயே கான்ஸ்டாண்டிநோபிள் அத்தகுதியை இழந்துவிட்டது.

1914இல் பெரும்போர் மூண்டது. பாரிஸ் வண்டி நின்றது. எல்லைகளைக் கடந்த நிறுவனத்தின் பெட்டிகள் எந்த நாட்டில் அகப்பட்டனவோ அந்த நாட்டின் உடைமையாயின. 1916 முதல் 1918 வரை ஜெர்மனியும் அதன் கூட்டு நாடுகளும் பெர்லினிலிருந்து கான்ஸ்டாண்டிநோபிளுக்குத் தமக்கென்று ஒரு பால்கன் வண்டியை ஓட்டின. 1918 நவம்பர் 11ஆம் நாள் போர்நிறுத்த உடன்பாடு கையொப்பமானது ‘வாகன்-லீ’ நிறுவனத்தின் 2419ஆம் எண் உணவுப்பெட்டியில்தான். கொம்பியேன் காட்டில் நின்ற அதே பெட்டியில் 1940 ஜூன் 22ஆம் நாள் பிரான்சைக் கையொப்பமிட வைத்தார் ஹிட்லர். நாடுகளை இணைக்கவென்று தோன்றிய நிறுவனத்தின் பெட்டி, பழிக்குப் பழி வாங்கும் மேடையாயிற்று.

போர்நிறுத்தத்திற்குப் பின்னர், 1919 ஏப்ரலில், புதிய வழியில் வண்டி விட்டனர். 1906இல் திறக்கப்பெற்ற சிம்பிளன் சுரங்கத்தின் வழியே லோசான், மிலான், வெனிஸ், திரியெஸ்த், பெல்கிரேடு என்று அது சென்றது. தோற்ற ஜெர்மனியையும் ஆஸ்திரியாவையும் ஹங்கேரியையும் தொடாமல் கிழக்கே போவதற்கென்றே வகுத்த தடம் அது. நிலப்படத்தை விரித்து அத்தடத்தை விரலால் தொட்டுக்கொண்டே போகிறவர், வென்றவர்களின் அரசியலைப் படித்தவராவார்.

போர் விட்டுச்சென்ற மற்றொரு சுமை கடவுச்சீட்டு. 1914க்கு முன்னர் மேற்கு ஐரோப்பாவில் பெரும்பாலும் கடவுச்சீட்டின்றியே மக்கள் சென்று வந்தனர். உருசியாவும் துருக்கியுமே அதனைக் கண்டிப்பாகக் கேட்டன. போர்க்காலத்தில் ஒற்றர்களுக்கு அஞ்சி எல்லா நாடுகளும் அதனைக் கட்டாயமாக்கின. போர் முடிந்தும் அவ்வழக்கம் முடியவில்லை. 1920 அக்டோபரில் நாட்டுக் கூட்டமைப்பு பாரிஸில் ஒரு மாநாட்டைக் கூட்டியது. கடவுச்சீட்டு, சுங்க நடைமுறை, நேரடிப் பயணச்சீட்டு ஆகிய மூன்றும் அதன் பொருள். 32 பக்கங்கள் கொண்ட பொதுவடிவக் கடவுச்சீட்டினை அது பரிந்துரைத்தது. போருக்கு முந்திய நிலை ஒருநாள் மீளும், அதுவரைக்குமான இடைக்கால ஏற்பாடே இது என்று அங்கே கூடியோர் நம்பினர். அந்த இடைக்காலம் நீண்டுவிட்டது. எல்லைச் சோதனையை நீக்கும் ஷெங்கன் உடன்பாடு கையொப்பமாவதற்கே 1985 ஆயிற்று.

இரண்டாம் உலகப்போர் மீண்டும் வண்டியை நிறுத்தியது. குக் அட்டவணையும் 1939 முதல் 1946 வரை வெளிவரவில்லை. போருக்குப் பின் அட்டவணை திரும்பியது; பழைய வண்டி திரும்பியும் திரும்பாத நிலையில் ஓடியது. ஐரோப்பா இரு முகாம்களாகப் பிரிந்தமையால், ஒவ்வோர் எல்லையிலும் மணிக்கணக்கில் சோதனை. 1951–52இல் பல்கேரிய-துருக்கிய எல்லை அடைபட்டபோது வண்டி இஸ்தான்புல்லுக்குச் செல்ல வழியில்லாமற் போயிற்று. 1962இல் சிம்பிளன் வழியின் பெயரும் மாறி, ‘டைரக்ட் ஓரியன்ட்’ என்ற வண்டி எஞ்சியது. செல்வர்கள் வானூர்திக்கு மாறிவிட்டனர்.

அவர்கள் விட்டுச்சென்ற வழித்தடத்தில் வேறு மக்கள் ஏறினர். 1961 அக்டோபரில் மேற்கு ஜெர்மனியும் துருக்கியும் தொழிலாளர்களைத் திரட்டுவதற்கான உடன்பாட்டில் கையொப்பமிட்டன. சிர்கெஜி நிலையத்திலிருந்து துருக்கியத் தொழிலாளர்கள் மியூனிக் நகருக்கு வண்டி வண்டியாக வந்து இறங்கினர். மியூனிக் நிலையத்தின் 11ஆம் நடைமேடை அவர்களுடைய முதல் ஜெர்மனி. மரப்பெட்டியும் உணவு மூட்டையுமாக மரத்துப்போன கால்களோடு அங்கே நின்றவர்கள், எந்தத் தொழிற்சாலைக்கு எவர் என்று பிரித்தனுப்பப்பட்டனர். ஒப்பந்தத்தாள் ஒன்றின் வலிமையால் ஓடிய பயணங்களுள் மனித வாழ்வை மிகுதியாக மாற்றியது இதுவே. மன்னர்களும் ஒற்றர்களும் ஏறிய வண்டியைப் பற்றி எழுதிக் குவித்த புதினங்கள், இவர்கள் ஏறிய வண்டியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

1977 மே 19ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி, பாரிஸின் லியோன் நிலையத்திலிருந்து இஸ்தான்புல்லுக்குச் செல்லும் கடைசி நேரடி வண்டி புறப்பட்டது. அழுக்கேறிய படுக்கைப்பெட்டி ஒன்று, உணவுப்பெட்டி இல்லை. செய்தியாளர்களும் பழமை விரும்பிகளும் நடைமேடையில் நெருக்கியடித்தனர். அவர்களுக்கு நடுவே, ஊருக்குச் செல்வதற்காக மட்டும் ஏறியவர்களும் இருந்தனர்.

வண்டி ஒழிந்தாலும் திட்டமிடும் ஆவல் ஒழியவில்லை. 1972இல் ஐரோப்பிய இருப்புப்பாதைகள் ஒன்றுகூடி ‘இன்டர்ரெயில்’ என்ற சீட்டை வெளியிட்டன. 21 வயதுக்குட்பட்டோர் ஒரே சீட்டில் 21 நாடுகளில் ஒரு மாதம் சுற்றலாம். நாகல்மாக்கர்ஸ் செல்வர்களுக்குச் செய்த ஏற்பாட்டை இது மாணவர்களுக்குச் செய்தது. தோள்பையில் குக் அட்டவணையைத் திணித்துக்கொண்டு, நிலைய விசுப்பலகையில் அமர்ந்து நாளைய வழியை வகுக்கும் இளைஞர் கூட்டம் ஐரோப்பா எங்கும் தோன்றியது. அந்த அட்டவணையைக் குக் நிறுவனம் 2013 ஆகஸ்டோடு நிறுத்திவிட்டது. அதனைத் தொகுத்து வந்தவர்கள் 2014 முதல் தாமே தனியாக அச்சிட்டனர்.

‘ஓரியன்ட் எக்ஸ்பிரஸ்’ என்ற பெயர் மட்டும் பழைய வடக்கு வழியில் தேய்ந்து தேய்ந்து ஓடியது. முதலில் புக்காரெஸ்ட் கழிந்தது, பிறகு புடாபெஸ்ட், 2007இல் பாரிஸும் கழிந்து, ஸ்ட்ராஸ்பர்க்குக்கும் வியன்னாவுக்கும் இடையிலான இரவு வண்டியாயிற்று. 2009 டிசம்பரில் அதுவும் அட்டவணையினின்று நீங்கியது. 2021 டிசம்பரில், வானூர்திப் புகையைக் குறைக்க வேண்டும் என்ற எண்ணம் வலுத்த சூழலில், ஆஸ்திரிய இருப்புப்பாதை பாரிஸுக்கும் வியன்னாவுக்கும் இடையே இரவு வண்டியை மீண்டும் விட்டது. 1882இல் நாகல்மாக்கர்ஸ் சோதனை வண்டி ஓட்டிய அதே இரு தலைநகர்கள். தண்டவாளம் இருந்தது, பெட்டிகள் இருந்தன, ஏறுவதற்குப் பயணிகளும் இருந்தனர். பிரெஞ்சு அரசு தன் பங்கு மானியத்தை நிறுத்திக்கொண்டமையால் 2025 டிசம்பரில் அவ்வண்டி நின்றது.